இருபது பக்கப் பரிசோதனை

பெட்டியிலிருந்து வெளியே எடுத்தபோதே அந்த மோடம் வெதுவெதுப்பாக இருந்தது. இன்னும் மின்சாரம் கொடுக்கவில்லை, வயர்கூடப் பிளாஸ்டிக் உறைக்குள் சுருட்டியபடியே கிடந்தது, பெட்டியும் இரண்டு நாளாக அலமாரியின் அடித்தட்டில் வெயில் எட்டாத மூலையில்தான் இருந்தது. ஆனாலும் கையில் ஏந்தியபோது, யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு சூடு தெரியுமே, அந்தச் சூடு. அடிப்பக்கம் லேசாக ஈரம். வாசனை வேறு. நாள் முழுக்கக் கட்டிய கைக்கடிகாரத்தின் தோல் வாரைக் கழற்றி மோந்து பார்த்தால் வரும் வாசனை. அவள் அதை மேஜையில் வைத்துவிட்டு நேராகப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

கை கழுவுவது ஒன்றும் புதிதல்ல. அவள் அப்படித்தான். கழுவிய டம்ளரை மறுபடி கழுவுகிறவள். பஸ்ஸில் கம்பியைக் கைக்குட்டை போட்டுப் பிடிக்கிறவள். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகியும் வீட்டுக்காரர் கடித்த பிஸ்கட்டில் ஒரு வாய் வாங்கித் தின்றதில்லை. அதற்காக அந்த மனுஷன் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. "எனக்குத் தனி டம்ளர், தனித் துண்டு, தனிச் சோப்பு. கல்யாணம் பண்ணிக்கிட்டு ஹாஸ்டல்ல இருக்கேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பில் வருத்தம் உண்டா என்று அவள் நின்று யோசித்ததில்லை.

வேலை என்று பார்த்தால் அவள் சூரப்புலி. ஒரு கம்ப்யூட்டர் மாத இதழில், சந்தைக்கு வரும் கருவிகளைச் சோதித்து மதிப்பெண் போடுவது அவள் பொறுப்பு. எதை எடுத்தாலும் அளக்காமல் விடமாட்டாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு மீட்டரம்மா என்று பெயர். இந்தத் தடவை வந்திருந்தது வேகமான ஒரு மோடம், ஃபேக்ஸும் வாங்கும், அனுப்பும். 'அனுப்புகிறவரிடம் எதையும் மிச்சம் வைக்காமல் கொண்டுவந்து சேர்க்கும்' என்று தயாரித்தவர்கள் ஒரு கடிதம் வைத்திருந்தார்கள். விளம்பரக்காரர்கள் எதைத்தான் சொல்லமாட்டார்கள்? அவள் அந்தக் கடிதத்தை மடித்து ஓரமாக வைத்தாள். திங்கட்கிழமை காலையில் கட்டுரை ஆசிரியர் மேஜைக்குப் போயாக வேண்டும். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மணி இரண்டரை.

அலுவலகத்து போன் லைன்களில் எப்போதும் இரைச்சல், அதனால் ஃபேக்ஸ் சோதனையை அவள் வீட்டில் வைத்துக்கொள்வதுதான் வழக்கம். இந்த முனையில் அவள். அந்த முனையில் வீட்டுக்காரர். அவர் கட்டட வரைபடம் போடுகிறவர். மூன்று மைல் தள்ளி ஒரு மாடியில் அவருக்கு ஒற்றை அறை அலுவலகம், அதில் ஒரு பழைய ஃபேக்ஸ் மெஷின். சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் பாயை விரித்திருந்தார். அவள்தான் எழுப்பினாள்.

"ஒரு மணி நேரம்தாங்க."

"போன தடவையும் ஒரு மணி நேரம்னுதான் சொன்ன. திரும்பி வரப்ப தெருவிளக்கு எரிஞ்சுது."

"இது வேகமான மோடம். சீக்கிரம் முடிஞ்சிடும்."

கண்ணைக் கசக்கிக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, அவள் கொடுத்த இருபது தாள்களையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் கிளம்பிப் போனார். இருபதும் ஒரே மாதிரித் தாள்கள். கோடுகள், வட்டங்கள், பெரிதிலிருந்து பொடிப்பொடியாகச் சிறுத்துப்போகும் எழுத்துகள். எந்த மோடமானாலும் அவளுக்கு இருபது பக்கம் வந்தாக வேண்டும். பத்தொன்பதில் நிறுத்திய வரலாறே கிடையாது.

இன்னொரு வழக்கமும் அவளிடம் இருந்தது. ஃபேக்ஸ் வரும்போது லைன் கரகரத்து நடுவில் ஒரு வரி சிதைந்துபோனால், வாங்குகிற மோடம் அதை மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பிழை திருத்தம் என்று அதற்குப் பெயர். எல்லோரும் அதைப் போட்டு வைத்துக்கொண்டுதான் சோதிப்பார்கள். அவள் அணைத்துவிடுவாள். திருத்தம் இருந்தால் எந்த மோடமும் நல்ல பிள்ளைதான், அதன் லட்சணம் அது இல்லாமல் அல்லவா தெரியும் என்பது அவள் கட்சி. திருத்தம் இல்லையென்றால் சிதைந்த வரி சிதைந்ததுதான். தாளில் அந்த இடம் வெள்ளைக் கோடாக வரும். எத்தனை கோடு என்று எண்ணி மதிப்பெண்ணில் கழிப்பாள். இன்றைக்கும் அணைத்தாள்.

மோடத்தை மாட்டினாள், பிரிண்டரை முடுக்கினாள், வருகிற பக்கம் தானாகவே அச்சாகும்படி வைத்தாள். அவருடைய அலுவலக நம்பரைப் போட்டதும் மணி இரண்டு தரம் அடித்தது.

"ஹலோ, மீட்டரம்மா பரிசோதனைக் கூடமா?"

"தாளைப் போட்டாச்சா?"

"சாப்பிட்டீங்களான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்ட."

"இப்பத்தானே சேர்ந்து உக்காந்து சாப்பிட்டோம்."

"தனித்தனி டம்ளர்ல" என்று சொல்லிவிட்டு அவர் பொத்தானை அழுத்தினார்.

அவளும் வாங்குவதற்கான பொத்தானைத் தட்டினாள். மோடத்தின் சின்ன ஸ்பீக்கரில் வழக்கமான கீச்சலும் இரைச்சலும் எழுந்தன. தகர டப்பாவுக்குள் வண்டு புகுந்த மாதிரி எல்லா மோடமும் போடும் சத்தம்தான், அவளுக்குத் தாலாட்டு. ஆனால் அந்தக் கீச்சலுக்கு அடியில், சத்தம் ஓய்ந்து ஓய்ந்து தொடங்கும் இடைவெளிகளில், வேறொன்று கேட்டது. யாரோ வாய் நிறைய எச்சிலைச் சேர்த்துவைத்து மெதுவாக விழுங்குகிற சத்தம். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஸ்பீக்கரின் ஒலியைக் குறைத்தாள்.

ஒன்பது நொடி. ஒரு பக்கம் ஒன்பது நொடியில் வந்துவிட்டது. போன மாதம் பிரமாதம் என்று அவளே எழுதிய மோடம் அரை நிமிடம் எடுத்திருந்தது. சந்தோஷத்தில் அவளுக்கு உடனே உறைக்கவில்லை. உறைத்தபோது நிறுத்துக்கடிகாரத்தை இரண்டு தரம் தட்டிப் பார்த்தாள். அவர் அலுவலகத்தில் இருப்பது அரதப்பழசான மெஷின். அதனால் அந்த வேகத்தில் அனுப்பவே முடியாது.

அச்சாகி வந்த தாளைக் கையில் எடுத்தாள். கோடுகள் கத்தி மாதிரி இருந்தன, பொடி எழுத்துகூடத் துல்லியம். ஆனால் கீழ் மூலையில் ஒரு சாம்பல் தீற்றல். அளவுகோலை வைத்துப் பார்த்தாள், இரண்டு சென்டிமீட்டர். பூதக்கண்ணாடியை வைத்தால் ரேகை. கட்டைவிரல் ரேகை.

"கை கழுவிட்டுத்தானே வந்தீங்க?" என்று ரிசீவரில் கேட்டாள்.

"வந்தேன். ஏன்?"

"தாள்ல பெருவிரல் பதிஞ்சிருக்கு."

"ஓரத்தைப் பிடிச்சுத்தானே போட்டேன். அழுக்கெல்லாம் இல்லையே." கொஞ்சம் நிறுத்தி, "விரல் மட்டும் மரத்துப்போன மாதிரி இருக்கு, தூங்கி எழுந்தவன் பாரு" என்றார்.

தாள் அந்த மூலையில் பிசுபிசுத்தது. கைக்கடிகார வாரின் அதே வாசனை. அவள் அதை இரண்டு விரல் நுனியால் தூக்கிக்கொண்டு போய்க் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். காலையில் போட்ட தேயிலைச் சக்கையும் காய்கறித் தோலும் கிடந்த தொட்டி.

இரண்டாவது பக்கத்திலும் ஒரு விரல் இருந்தது, ஆனால் இந்தத் தடவை நுனி மட்டுமல்ல, முழுவிரலும். மூன்றாவதில் வேறொரு விரல், கொஞ்சம் நீளம். நான்காவதில் இன்னொன்று. ஐந்தாவதில் சுண்டுவிரல். ஒவ்வொரு தாளும் முந்தியதைவிட ஈரமாக, கனமாக வந்தது. மசி கசிகிறதோ என்று பிரிண்டரைத் திறந்து துடைத்தாள், துடைத்த துணியில் மசி இல்லை, சோற்றுக் கஞ்சி மாதிரி ஏதோ கொழகொழவென்று ஒட்டியிருந்தது. நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு ஐந்து தாள்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கசக்கி எறிந்தாள். ஒவ்வொரு தடவையும் கை கழுவினாள். ஒன்பது நொடி, எட்டரை, எட்டு, எட்டு, ஏழே கால். வெள்ளைக் கோடு ஒன்றுகூட இல்லை. மதிப்பெண் என்று பார்த்தால் அவள் வாழ்க்கையில் இப்படி ஒரு மோடத்தைக் கண்டதில்லை.

"கை முழுக்க மரத்திருச்சு" என்றார் அவர். "போதுமேம்மா. மீதிய நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்குக் காலையில கட்டுரை போகணுங்க. இன்னும் பதினஞ்சுதான். உங்களுக்கென்ன, தாளைச் செருகிப் பொத்தானை அமுக்கணும், அவ்வளவுதானே?"

"சரி. உனக்காக."

ஆறாவது பக்கம் வந்தது. தாளின் நடுவில் உள்ளங்கை.

இதை அவளால் உடனே தூக்கி எறிய முடியவில்லை, ஏனென்றால் அதன் மேல் முடி இருந்தது. அச்சான முடி அல்ல. தாளிலிருந்து முளைத்து, மின்விசிறிக் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து அசைகிற நிஜ முடி, புறங்கைப் பக்கம் நாலைந்து. ஊதினால் படுத்தது. தாள் தாளாக இல்லை. மடக்கினால் மடிப்பு விழவில்லை, வழவழவென்று மறுபடி விரிந்துகொண்டது. சூடாக இருந்தது. அவள் கையை உதறினாள், அது மேஜை விளிம்பில் ஒட்டிக்கொண்டு தொங்கியது, ஒட்டிக்கொண்டே மெதுவாக வழுக்கி இறங்கியது.

கட்டைவிரல் ஒன்று. விரல்கள் நான்கு. இப்போது உள்ளங்கை.

ரிசீவரை எடுத்தாள். "என்னங்க? உங்க வலது கை எங்க இருக்கு?"

அவர் குரல் சிரிக்கப் பார்த்தது. "மெஷினுக்குள்ள."

"எப்படி?"

"அதான் தெரியல. தாள் போற சந்துதானே அது, விரல் நுழையவே இடம் கிடையாது. போயிருக்கு. மணிக்கட்டு வரைக்கும் போயிருக்கு." மூச்சு இரைத்தது. "வலிக்கல. வலிச்சாக்கூடப் பரவால்ல போலிருக்கு."

"மெஷினை அணைங்க!"

"அணைச்சுட்டேன். பிளக்கையும் பிடுங்கியாச்சு. அது பாட்டுக்கு இழுக்குது."

அவர் பொத்தானை அழுத்தவில்லை. இவளும் எதையும் தட்டவில்லை. ஆனால் ஸ்பீக்கரில் கீச்சல் தானாகவே எழுந்தது. திரையில் ஏழாவது பக்கம் என்று எழுத்து ஓடியது. நிறுத்து என்ற பொத்தானைத் தட்டினாள். தட்டித் தட்டி விரல் வலித்தது. ஓடிக்கொண்டே இருந்தது. சரி, லைன் இருந்தால்தானே? மேஜைக்கு அடியில் குனிந்து, சுவரிலிருந்த போன் வயரைப் பற்றி வெடுக்கென்று பிடுங்கினாள்.

ஸ்பீக்கரில் ஓர் அலறல்.

பதினோரு வருஷத்தில் அவர் சத்தம் போட்டு அவள் கேட்டதில்லை. கதவிடுக்கில் விரல் நசுங்கினால்கூட உதட்டைக் கடித்துக்கொள்கிற ஆள். லைன் பிடுங்கிக் கிடக்கிறது, ஆனாலும் குரல் வந்துகொண்டிருந்தது. "வேணாம், வேணாம், செருகு, செருகிடு!"

செருகினாள். ஏழாவது பக்கம் முழுசாக வெளியே வந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. நடுவே விரற்கடை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை. அங்கே மட்டும் சூடில்லை, முடியில்லை. வெறும் தாள்.

"ஒரு துண்டு" என்றார் அவர். குரல் மெலிந்திருந்தது. "கையில ஒரு துண்டு இங்க இல்ல. அங்க வந்துச்சா?"

அவள் அந்த வெள்ளைப் பட்டையைப் பார்த்தாள்.

"வந்துடுச்சுங்க."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன். இருக்கு."

அதுவரை அவள் அவரிடம் பொய் சொன்னதில்லை. எது எதற்கோ சண்டை போட்டிருக்கிறாள், பொய் சொன்னதில்லை.

பிழை திருத்தத்தைப் போட்டுவிட வேண்டும். இனிமேல் ஒரு வரிகூடச் சிதையக் கூடாது. அந்தப் பகுதியைத் திரையில் திறந்தாள். எழுத்துகள் மங்கிக் கிடந்தன. ஃபேக்ஸ் வந்துகொண்டிருக்கும்போது மாற்ற முடியாது. எந்த மோடத்திலும் முடியாது. அவளுக்குத் தெரியாததா? எத்தனை கட்டுரையில் அவளே எழுதியிருக்கிறாள்.

எழுந்து ஓடிப்போகலாமா என்று நினைத்தாள். மூன்று மைல். வண்டி பிடித்துப் போனாலும் கால் மணி நேரம். போய் என்ன செய்வது? பாதி அங்கே, பாதி இங்கே. இங்கே பிரிண்டர் தட்டில் தாள் தீர்ந்தால் யார் வைப்பது? தாள் இல்லையென்றால் வருகிறது எங்கே போகும்? அவள் எண்ணிப் பார்த்தாள். தட்டில் ஒன்பது தாள். ஓடிப்போய் அலமாரியிலிருந்து இன்னொரு கட்டை எடுத்துவந்து திணித்தாள்.

எட்டு. முழங்கைக்கு மேல். ஒன்பது. தோள்.

"முதல்ல வந்ததெல்லாம் பத்திரமா வச்சிருக்கியா?" என்றது ரிசீவர்.

அவள் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"விரலெல்லாம். வச்சிருக்கேல்ல?"

"வச்சிருக்கேங்க."

ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். தொட்டியின் மூடியைத் திறந்தாள். அடைத்த புழுக்கத்தில் அரைநாள் கிடந்த காய்கறித் தோலின் புளித்த வாடை, அதன் மேல் அந்தத் தோல் வாரின் வாடை, இரண்டும் கலந்து முகத்தில் மோதியது. ஓங்கரித்தாள். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஓங்கரித்தாள். கரண்டியால் எடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காக அவளுக்கே அவள்மேல் வெறுப்பு வந்தது. கையை விட்டாள்.

கசக்கிய உருண்டைகள் ஐந்து. நனைந்து, தேயிலை அப்பி, ஒவ்வொன்றும் வெதுவெதுப்பாக. மேலே கிடந்ததைப் பிரிக்கப் போனாள். அது அவள் சுண்டுவிரலைச் சுற்றிக்கொண்டது. மெதுவாகத்தான் சுற்றியது. பிடித்துக்கொண்டது.

அவள் வீரிட்டு உதறினாள். சுவரில் போய் மோதிச் சப்பென்று ஒட்டி, கீழே விழுந்தது.

கூடத்தில் ரிசீவரிலிருந்து அவர் கத்துவது சமையலறை வரை கேட்டது.

ஐந்தையும் ஒரு துண்டில் வாரி எடுத்துக்கொண்டு வந்தாள். அவருடைய தனித் துண்டு, நீலக் கரை போட்டது, கைக்கு அதுதான் அகப்பட்டது. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீவிப் பிரித்தாள். தேயிலையை ஒவ்வொரு துகளாக எடுத்தாள். ஒட்டிக்கொண்டு வந்தது. தோல் உரிந்து வருகிற மாதிரி வந்தது. விரல்களை உள்ளங்கைக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று தரையில் அடுக்கினாள். கசக்கிய மடிப்புகள் போகவில்லை. கோணல்மாணலாக, ஒடிந்த மாதிரி இருந்தன. மின்விசிறிக் காற்று பட்டதும் தாள்களில் பொடிப்பொடியாக புல்லரிப்பு எழுந்தது. எழுந்துபோய் விசிறியை அணைத்துவிட்டு வந்தாள்.

பத்து. பதினொன்று. மார்பு வந்தது. அவர் நெஞ்சில் அவளுக்குப் பழகிய மச்சம் அப்படியே இருந்தது. தாள் ஏறி இறங்கியது.

விசிறியும் இல்லாமல் அறை புழுங்கியது. வெளியே பட்டப்பகல், தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள், எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கூடமெங்கும் வேர்வை வாடை. வாய் வாடை. உறங்கி எழுந்தவன் பாயின் வாடை. இத்தனை வருஷம் ஜன்னலைத் திறந்து, ஊதுவத்தி கொளுத்தி, துவைத்து, உலர்த்தி விரட்டிய வாடையெல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்து உட்கார்ந்திருந்தது.

பதிமூன்று. வயிறு. பதிமூன்றில் லைன் கரகரத்தது. இரண்டு வெள்ளைக் கோடு.

"இங்க..." என்றார் அவர். "இப்ப ரெண்டு இடத்துல..."

"எல்லாம் வந்துடுச்சுங்க. பேசாதீங்க. அசையாம இருங்க."

"குளுருதும்மா."

பதினாறு. பதினேழு. தொடைகள், முழங்கால், பாதம். தாள் பிரிண்டரிலிருந்து விழவில்லை, வழிந்தது. நக இடுக்கில் அழுக்குக்கூட அப்படியே. எடுத்து அடுக்க வேண்டும். எடுத்தாள். தொட்டதும் உள்ளங்கையில் ஒட்டியது. பிரித்தபோது நூல் நூலாக ஏதோ இழுத்துக்கொண்டு வந்தது. புடவையில் துடைத்தாள். மறுபடி எடுத்தாள். கை கழுவப் போகவில்லை. போனால் அடுத்த தாளை ஏந்த ஆளில்லை.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கட்டுமா?" என்றது ரிசீவர். குரல் இப்போது காற்றுதான்.

"கேளுங்க."

"அருவருப்பா இருக்கா?"

"இல்லீங்க."

"நிஜமா?"

"இல்லவே இல்ல."

பதினெட்டு. முதுகு. பத்தொன்பது.

பத்தொன்பதாவது பக்கத்தில் கழுத்து வந்தது. ரிசீவரில் சத்தம் நின்றது. அந்த முனையில் ஏதோ ஒன்று, சட்டையாக இருக்கலாம், நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தது. அவ்வளவுதான்.

"என்னங்க?"

இரைச்சல்.

"என்னங்க!"

தரையில் கிடந்த கழுத்து விழுங்கியது. அவள் கண் முன்னால். மோடத்தின் ஸ்பீக்கரில் முதல் பக்கத்திலேயே கேட்டதே, அதே சத்தம்.

இருபது.

திரையில் எழுத்து ஓடியது. கீச்சல் இல்லை. மூச்சு மட்டும். பிரிண்டர் வரி வரியாக, இதுவரை இல்லாத நிதானத்தோடு அச்சடித்தது. முதலில் முடி. வகிடு. நெற்றி, நெற்றியில் வேர்வை. புருவம்.

வாடை தாங்கவில்லை. அவள் பிரிண்டருக்கு மேல் குனிந்து நின்றாள்.

மூடிய இமைகள். மூக்கு. லைன் கரகரத்தது. அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள். மூக்குக்குக் கீழே வெள்ளை. இன்னும் வெள்ளை. இன்னும். விரற்கடை, இரண்டு விரற்கடை, வெறும் தாள். பிறகு தாடை.

வாய் இல்லை.

பக்கம் முடிந்தது. அறை அமைதியானது. திரையில், இருபது பக்கங்களும் வந்து சேர்ந்தன என்று எழுத்து நின்றது.

இமைகள் திறந்தன. ஈரமான கண்கள். கூரையைப் பார்த்தன. சுவரைப் பார்த்தன. தரையில் வரிசையாகக் கிடந்த தன்னையே பார்த்தன. கடைசியில் அவளைக் கண்டுபிடித்தன. அவள் முகத்தைப் பார்த்தன. முகத்தில் மூக்கை இறுகப் பொத்தியிருந்த அவள் கையைப் பார்த்தன.

கையை எடுக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். எடுத்துவிட வேண்டும். இப்போதே. பதினோரு வருஷம். எடு. எடு.

கை வரவில்லை.

தாளில் கண்கள் நிறைந்து வழிந்தன. வழிந்த நீர் கன்னத்தில் இறங்கி, வாய் இருந்திருக்க வேண்டிய வெள்ளையில் ஊறிப் பரவிக்கொண்டிருந்தது.